நைவேத்தியமான வாழைக்குலை

வலியசாலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் சந்தில், சாக்கடையின் மேல் புதிதாக கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூடினார்கள். பிள்ளைகள் அதன்மேல்தான் நடந்து போகவேண்டும். வேலை ஒழுங்காக நடந்தது என்று கையெழுத்துப் போடவேண்டியவள் எங்கள் அத்தை. அப்பாவின் தங்கை, கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்தவள், அரசாங்கத்தில் ஓவர்சியர். ஸ்லாபுக்குள் கம்பி போதாது என்று அவளுக்குச் சந்தேகம். கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்திருந்தாள்.

ஓணம் நெருங்கிய ஒரு நாள், அத்தை ஆபீசில் இருந்தபோது, "மேடத்துக்கு" என்று சொல்லி ஒரு நேந்திரங்குலையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். என் உயரம் இருக்கும். ஓணத்துக்குப் பெரியவர்களுக்குக் காணிக்கையாகக் காழ்ச்சைக்குலை கொடுப்பது ஊர் வழக்கம்தானே! அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் சுவாமிக்குத்தான். விளக்கேற்றி, மணியடித்து, முழுக்குலையையும் நைவேத்தியம் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

சாயங்காலம் அத்தை வந்தாள். குலையைப் பார்த்ததுமே யார் அனுப்பியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போதே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றாள். அம்மா பதறிப்போனாள்.

"பகவானுக்குக் காட்டியாச்சு. பிரசாதத்தைத் திருப்பிக் கொடுக்கப்படாது, கேட்டயா?"

"பகவானா மன்னி கையெழுத்துப் போடப்போறார்? நானாக்கும் போடணும்."

குலையையும், பழ ஆசையில் முகம் தொங்கிப்போயிருந்த என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஸ்லாப் போட்ட காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனாள். நெற்றி நிறையச் சந்தனம் பூசிய மனிதர் அவர்.

"ஓணமல்லே மேடம், திருப்பித் தரலாமோ?" என்று பின்வாங்கினார்.

"சுவாமி பிரசாதமாக்கும். வேண்டாம்னு சொல்வேளா?"

அதற்குமேல் அவர் என்ன செய்வார், பாவம்! இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கனத்தோடு நின்றபடியே புலம்பினார்: "மேலே வரைக்கும் கொடுக்கணும் மேடம். பின்னே கம்பிக்கு நான் எங்கே போறது?"

"அதைத்தான் நாளைக்கு உடைச்சுப் பார்க்கப்போறேன்."

உடைத்தாள். கம்பி என்று பெயருக்கு ஏதோ கிடந்தது. எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போடவைத்தாள். அந்த வேலை முடிந்த சூட்டோடு அவளுக்கு, தொலைவில் மலைப்பக்கம் இருக்கும் வித்துராவுக்கு மாற்றல் வந்தது.

"குலையைத் திருப்பிக் கொடுத்ததுக்குத் தண்டனையா அத்தை?"

"போடி அசடே. மலைக்காத்து உடம்புக்கு நல்லதாக்கும்."

விடியுமுன் பஸ் பிடித்து, முட்டிவலியோடு திரும்பி, அப்படியே பல வருஷம் அவள் ஓடினாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. இப்போது நினைத்தாலும் எழுந்துபோய் அவள் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கோ, அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் தோழிகளோடு அந்த ஸ்லாபின்மேல் தங்குதங்கென்று குதிப்பேன். "எங்க அத்தை மலையில காத்து வாங்கறா, தெரியுமோ?" என்று பீற்றிக்கொள்வேன். நாங்கள் அத்தனை பேர் குதித்தும் அது உடையாமல் இருந்ததற்கும் அத்தை மலைக்குப் போனதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.