செலின் அக்காவின் ‘ஹ’

கார்பாலிக் சோப்பும் பூண்டு ரசமும் கலந்த ஒரு வாசனை எங்கள் கூடத்துக்குள் நுழைந்தால், ஆஸ்பத்திரி நர்ஸ் செலின் அக்கா வேலை முடித்து, வீட்டுக்கு ஓடிச் சமைத்து வைத்துவிட்டு, இடுப்பில் குழந்தையோடு இங்கிலீஷ் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்று நான் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த புதுச்சேரியில், அலுவல்களெல்லாம் மெல்ல மெல்ல இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருக்க, கடலூரில் படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்ட என் அம்மாவுக்கு அந்த பாஷை தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, சாயங்காலமானால் வேலை முடிந்த பெரியவர்களெல்லாம் எங்கள் கூடத்துப் பாயில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவை ‘மதாம்’ என்பார்கள். பேர் கூப்பிட்டால், தவளக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து மில்லுக்கு வரும் ரங்கசாமி மாமா முதற்கொண்டு அத்தனை பேரும் பழைய பள்ளிக்கூடப் பழக்கத்தில் ‘ப்ரெஸான்’ என்றுதான் ஆஜர் சொல்வார்கள். இங்கிலீஷ் வகுப்பில் இப்படியொரு கூத்தை வேறெந்த ஊரில் பார்க்க முடியும்! பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். “ஒழைச்ச ஒடம்பு, செத்த கண்ண மூடட்டும்” என்று அம்மா அடுத்தவரிடம் போய்விடுவாள்.

செலின் அக்காவுக்குத்தான் தூங்க நேரமில்லை. மில் வேலை போய் வீட்டோடு இருந்த கணவர், இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் அவள் சம்பளம்தான் சோறு. சென்னையிலிருந்து புதிதாக வந்த பெரிய டாக்டரோ, தாம் எழுதியதை இங்கிலீஷில் சரியாகப் படித்துக் காட்டுகிறவர்களுக்கே இனி வேலை என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு எல்லா எழுத்தும் வந்தது, ‘ஹ’ ஒன்றைத் தவிர. பிரெஞ்சில் அந்த எழுத்தை எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். அதனால் தண்ணீரை ‘ஹீட்’ பண்ணு என்றிருந்தால் அவள் ‘ஈட்’ பண்ணு என்று படிப்பாள்; காய்ச்சு என்பது தின்னு என்றாகிவிடும்.

“தண்ணிய யாராச்சும் துன்னுவாங்களா, செலினு?” என்பாள் அம்மா.

“எனக்கு வரல மதாம், வுட்டுடுங்க. நாலு வூட்ல பாத்திரம் கழுவிப் பொழைச்சிக்கிறேன்” என்று ஒரு நாள் அக்கா அழுதேவிட்டாள்.

அம்மா விடுவதாக இல்லை. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, மூச்சுக் காற்றுப் படும்படி ‘ஹ, ஹ’ என்று ஊதிக் காட்டினாள். அக்கா படிக்கும்போது குழந்தையை வைத்துக்கொள்வது என் வேலை. என் மடியிலிருந்த அந்தப் பொடியன் தன் கையையும் வாயருகே கொண்டுபோய், எச்சில் தெறிக்க ‘ஹா’ என்றான்.

“ந்தா பாரு, புள்ள பாஸு, அம்மா பெயிலு!” என்றார் ரங்கசாமி மாமா. கன்னத்தில் கண்ணீர் காயாமலே அக்கா ‘ஹா ஹா ஹா’ என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“அதான்டி! வந்துட்டுது பாரு! சிரிச்சிக்கிட்டே படி!” என்று அம்மா கூடமே அதிரக் கத்தினாள்.

பெரிய டாக்டர் முன்னால் அப்படித்தான் படித்தாளாம். ‘ஹ’ வரும் இடத்திலெல்லாம் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு. “ஏம்மா, நான் எழுதினது அவ்வளவு வேடிக்கையாவா இருக்கு?” என்று கேட்டாராம் அவர். கேட்டால் என்ன, தண்ணீர் ஒழுங்காகக் காய்ந்தது, அக்காவின் வேலையும் நிலைத்தது.

அந்தக் கூடம் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. ‘ப்ரெஸான்’ சொல்ல ஆளில்லை, பேர் கூப்பிட அம்மாவும் இல்லை. கருவடிக்குப்பத்தில் அந்தப் பொடியன் வீட்டில்தான் செலின் அக்கா இருக்கிறாள். நான் அடிக்கடி போன் செய்வேன். பேசப் பெரிதாக ஒன்றும் இருக்காது. எடுத்ததும் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் ‘ஹலோ’ என்பாள். அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்.