அத்தையின் ஆணிப்பலகை

போன வாரம் என் மகள் தன் அறைச் சுவரில் மாட்ட ஒரு பலகை செய்தாள். கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டது. பழைய படச்சட்டம் ஒன்று, அதன் நடுவில் ஜன்னல் வலைத் துண்டு, கீழ்ச்சட்டத்தில் வரிசையாகக் கொக்கிகள். வலையில் கம்மல்களைக் குத்தி வைக்கலாம், கொக்கிகளில் பாசிமாலைகளைத் தொங்கவிடலாம். சுவரில் ஆணி அடிக்க என்னைக் கூப்பிட்டாள். அடித்துக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஃபிரண்ட்ஸோட குத்தாலம் போறேம்மா. எல்லாத்தையும் கழத்தி இதுல மாட்டிட்டுப் போயிருவேன். தொலையாதுல்லா?" என்றாள்.

நல்ல யோசனைதான். நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போகக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, மிச்ச ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பாவுக்குத் தென்காசியில் தையல் கடை. அப்பாவின் தங்கை, என் அத்தை, சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் தகரத்தால் மறைத்து ஒரு கடை போடுவாள். சோப்பு, சீயக்காய், ஷாம்பு, துண்டு. சனி, ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். உதவிக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் பக்கத்துக் கடை நேந்திரங்காய் வற்றலுக்குத்தான்.

அருவி தலையில் விழுகிற வேகத்தில் தோட்டின் திருகு கழன்றால், தோடு போனது போனதுதான். அதனால் குளிக்க வருகிற பெண்கள் தாலிச்செயினை மட்டும் ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, மற்றதையெல்லாம் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். முன்பின் பழக்கமில்லாதவளிடம் தங்கத்தை எப்படிக் கொடுத்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்தையின் முகம் அப்படி. அத்தை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். ஒருநாள் ஒரே மாதிரியான இரண்டு ஜோடித் தோடுகள் கலந்துபோய், ஈரச்சேலையோடு இரண்டு பெண்கள் கடைவாசலில் நின்று சண்டை போட்டார்கள். "என் கல்லு எப்படி மின்னும் தெரியுமா? இது அழுக்குப் பிடிச்ச காது போட்டது!" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி தன் காதை மடித்துக் காட்டினாள்.

மறுவாரம் அத்தை பலகை செய்தாள். மாம்பழப் பெட்டியின் மூடி. அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டியை இழுத்துச் சுற்றி, வரிசையாக ஆணி அடித்தாள். செயினும் வளையலும் நேராக ஆணியில் தொங்கும். தோட்டுக்கு, சோப்பு அட்டையை வெட்டி, இரண்டு துளை போட்டு, தோட்டைக் குத்திப் பின்னால் திருகிவிட்டு, அட்டையை நூலில் தொங்கவிடுவாள். ஆணிக்கு ஆணி வேறு வேறு துணி. தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை ஆணியிலும் மற்றதை நகைக்காரியின் மணிக்கட்டிலும் கட்ட வேண்டும். திரும்பி வந்து கையை நீட்டினால், துணியைப் பார்த்து நகையைக் கொடுத்துவிடலாம். மணிக்கட்டில் கட்டுவது என் வேலை. துணியைத் திரும்ப வாங்குவதும் என் வேலைதான். "வெட்டாம அவுத்துத் தாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். வெட்டினால் அடுத்த ஆளுக்குக் கட்ட நீளம் போதாது.

அந்தச் சனிக்கிழமை ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தாள். புதுக்கல்யாணம். புருஷன் இரண்டு துண்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு ஒதுங்கி நின்றார். அவள் ஜிமிக்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி, இதுல எந்தத் துணி நல்லா இருக்கு?"

மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட துணியைக் காட்டினேன். "இது என் கவுன் துணி."

"அப்ப அதையே கட்டு. ஜிமிக்கியத் தொலைச்சே, உன் கவுன உருவிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ."

கண்ணாடி வளையல்களுக்கு மேலே கட்டினேன். "நல்லா இறுக்கு, அருவி பிடுங்கிரும்" என்றாள். மூன்று முடிச்சுப் போட்டேன். அவள் பெண்கள் பக்கமும் அவர் ஆண்கள் பக்கமும் போனார்கள்.

மலைக்கு மேலே மழை பெய்தது கீழே இருந்த எங்களுக்குத் தெரியாது. முதலில் அருவியின் சத்தம் மாறியது. பிறகு போலீஸ் விசில். பிறகு ஆட்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் படிக்கட்டுவரை ஏறியிருந்தது. ஈரச்சேலையும் அழுகையுமாக வந்த பெண்கள் கையை நீட்ட நீட்ட, நான் துணியைப் பார்த்து ஆணியைக் காட்டினேன். அவர்கள் முடிச்சை அவிழ்த்துத் தந்தார்கள். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மஞ்சள் துணி மட்டும் இருந்தது.

அந்த அக்காவின் புருஷன் வந்தார். "அக்கா, அவ இங்கன வந்தாளா?"

"வரலியே தம்பி. கூட்டத்துல அங்கன எங்கயாவது நிப்பா."

போனார். திரும்ப வந்தார். அதற்குப் பிறகும் பலமுறை வந்தார். வந்து பலகையைப் பார்ப்பார், போய்விடுவார். எனக்குக் கவலையே இல்லை. தங்கத்தை விட்டுவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா? ஜிமிக்கி இங்கே இருந்தால் அந்த அக்கா வந்துதானே ஆக வேண்டும்? அதை அத்தையிடம் சொல்லவும் செய்தேன். அத்தை சாயங்காலம் ஜிமிக்கியைக் கழற்றிப் பையில் போடவில்லை. பலகையை அப்படியே துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அருவிக்கு யாரையும் விடவில்லை. அத்தை கடையைத் திறந்து பலகையை மட்டும் மாட்டிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிவாக்கில் அவர் ஒரு பெரியவரோடு வந்தார். நேற்றைய சட்டைதான் போட்டிருந்தார். மஞ்சள் துணியை மேசைமேல் வைத்தார்.

எனக்குச் சந்தோஷம். துணியை ஆணியில் இருந்த துண்டோடு சேர்த்துப் பிடித்துக் காட்டி, அட்டையை எடுத்து நீட்டினேன். "சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றேன், அத்தை எப்போதும் சொல்வதுபோல. பிறகுதான் கவனித்தேன். துணியில் என் மூன்று முடிச்சுகளும் அப்படியே இருந்தன. அவற்றின் பக்கத்தில் கத்தரியால் நறுக்கியிருந்தது.

"அண்ணே, அவுத்துல்லா தரணும்? ஏன் வெட்டுனீங்க?"

அத்தையின் கை வந்து என் வாயைப் பொத்தியது. பெரியவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அந்த அக்காவின் புருஷன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக்க வரல பாப்பா. நீ நல்லா இறுக்கிக் கட்டிட்ட."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டு போனேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்: "நான் போட்ட முடிச்சு அருவித் தண்ணிலகூட அவுரல, பாத்தீங்களா அத்தை?"