எர்லிண்டா சுற்றிய கம்பி

எர்லிண்டா பார்ராகான் பொறாமைக்காரி. அதை அவள் மறைத்ததே இல்லை. ஆறு வயதில் தங்கையின் சுருட்டை முடியைப் பார்த்து வயிறெரிந்து, தூங்குகிறவளின் தலையில் பாதியைக் கத்தரித்துவிட்டாள். கல்யாணமான புதிதில், புருஷன் கிறிஸ்பின் வாரம் இரண்டு தடவை லாரியைக் கழுவித் துடைக்கிறான் என்று அந்த லாரிமேலேயே பொறாமைப்பட்டாள். அவன் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று தன்னைவிடச் சத்தமாக அழுதவளை இன்னும் மன்னிக்கவில்லை. அழுதவள் கிறிஸ்பினின் கூடப்பிறந்த அக்கா.

அப்படிப்பட்டவளை எண்பத்திரண்டு வயதில் மூன்றாம் வரிசையில் உட்காரவைத்துக் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள்.

"இதுல என்னடி எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் இருந்த நெல்டாவிடம் கேட்டாள். எர்லிண்டா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கப்புறம் ஆரஞ்சுத் தோட்டம்.

"துணைக்கு வந்தவர்னு போட்டிருக்கு அத்தை."

"யாருக்குத் துணை?"

"சோக்கோரோ சித்திக்கு."

"ஏன், அவ என்ன கைக்குழந்தையா? தொலைஞ்சு போயிடுவாளா?"

நெல்டா சிரித்தாள். அறுபத்தொரு வயது, ஆஸ்பத்திரி நர்ஸ், தங்கமான பெண். அவள்மேல் மட்டும் எர்லிண்டாவுக்குப் பொறாமை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பூங்காவின் திறந்த மேடைக்கு முன்னால் கலிபோர்னியாவே திரண்டு வந்த மாதிரி கூட்டம். டன்மோர் ஸ்டார்லிங் கிட்டாருக்கு எழுபதாவது பிறந்தநாள். நாடு முழுக்க இருந்து பெரிய பெரிய வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பழைய ஸ்டார்லிங்கை மாட்டிக்கொண்டு, இரண்டு பாட்டு வாசித்து, அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் கண்ணீரே விட்டான். ஒரு மரக்கட்டைக்கு இவ்வளவு கொஞ்சலா என்று எர்லிண்டாவுக்கு எரிந்தது. கிறிஸ்பின் ஐம்பது வருஷத்தில் அவளை ஒரு தடவைகூட ஊரார் முன்னால் முத்தமிட்டதில்லை.

மேடை ஓரத்தில், சிவப்பு வெல்வெட் நாற்காலியில், ராணி மாதிரி சோக்கோரோ உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் டன்மோர் கம்பெனியில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். கிட்டார் தந்திகளுக்கு அடியில் காந்தம் வைத்த ஒரு சின்னக் கட்டை இருக்கும், பிக்கப் என்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அதில் எட்டாயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். கிட்டாருக்குக் குரல் வருவது அதிலிருந்துதான். மெஷின் சுற்றும், கம்பியைப் பிடித்து வழிநடத்துவது பெண்ணின் விரல். கொஞ்சம் இழுத்தால் அறுந்துபோகும். யாருடைய வேலை என்று தெரிய ஒவ்வொருத்தியும் கட்டையின் அடியில் ஒரு அடையாளம் வைப்பாள். சோக்கோரோ அலங்காரி, நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். எர்லிண்டா நீலப் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பாள்.

அறுபது வருஷத்தில் பென்சில் கோடெல்லாம் அழிந்துபோயிற்று. நகப்பூச்சு அழியவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ரிப்பேர்காரன் பழைய கிட்டாரைப் பிரித்துப் பார்த்தான். பொட்டைக் கண்டுபிடித்தான். வைத்தவள் யாரென்று தேடிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து சோக்கோரோ வீட்டு வாசலில் பூங்கொத்தும் கையுமாக ஆட்கள். அதிலும் 1962 கோடைக்காலப் பொட்டுகளுக்குத்தான் ஏக மவுசு. அவற்றில் எட்டாயிரத்துக்குமேல் அறுநூறு, எழுநூறு சுற்று அதிகம். அதனால்தான் அந்தக் கிட்டார்களுக்கு அந்தக் கனத்த, கம்மிய குரலாம். சோக்கோரோவின் கைராசியாம், மேதாவித்தனமாம்.

மேதாவித்தனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சோக்கோரோ எண்ணி எட்டாயிரத்தில் நிறுத்துகிறவள். மெஷினில் இருந்த எண்காட்டியை நம்பாமல், நூல்கண்டு மாதிரி கண்ணுக்கு நிறைவாகத் தெரியும்வரை சுற்றுகிறவள் எர்லிண்டா. "கம்பி உங்கப்பன் வீட்டுதா?" என்று மேஸ்திரி லோமாக்ஸ் அவளைத் தினமும் திட்டுவான்.

அந்தக் கோடையில் சோக்கோரோ மாசமாக இருந்தாள், கல்யாணம் ஆகாமல். பிக்கப்புகளைச் சூடான மெழுகில் முக்கி எடுப்பார்கள். அந்த வாடை பட்டாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் அவளுக்கு. மாசமான பெண்ணை லோமாக்ஸ் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அதனால் அவள் பெஞ்சுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்க, எர்லிண்டா இரண்டு மெஷினையும் ஓட்டினாள். சுற்றி முடித்த கட்டைகளில் பாதிக்கு நீலக்கோடு போட்டாள், மீதிப் பாதிக்கு சோக்கோரோவின் நகப்பூச்சை எடுத்துப் பொட்டு வைத்தாள். நாலு மாசம். ஏழாம் மாசம் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு சோக்கோரோ மெக்ஸிகாலிக்குப் போனாள். பிறந்த குழந்தையை, பிள்ளையில்லாத அவள் அக்கா அமாலியா தன் பிள்ளையாக வளர்த்தாள்.

அந்தக் குழந்தைதான் நெல்டா. அவளுக்கு இது தெரியாது. அமாலியா போய்ச் சேர்ந்துவிட்டாள். உலகத்தில் இப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மேடையில், ஒருத்தி மூன்றாம் வரிசையில். குவாதலூப்பே மாதா படத்தின்மேல் கைவைத்து எர்லிண்டா சத்தியம் செய்திருந்தாள்.

புகழ் வரும் என்று தெரிந்திருந்தால் சத்தியத்தைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பாள்.

டெக்ஸாஸிலிருந்து வந்த ஒரு வாத்தியக்காரி மேடைக்கு வந்தாள். "இது அறுபத்திரண்டு கோடை" என்று சொல்லித் தன் ஸ்டார்லிங்கைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் ஊளையிட்டது. அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

தொழிற்சாலையில் ஒருத்தன் தந்தியை மூன்று தட்டுத் தட்டிச் சோதிப்பதைத்தான் எர்லிண்டா கேட்டிருக்கிறாள். தான் சுற்றிய கம்பி முழுசாக ஒரு பாட்டு பாடி அவள் கேட்டது இன்றைக்குத்தான். இரவெல்லாம் அழுது முடித்த பொம்பளை விடிந்ததும் பேச ஆரம்பித்த மாதிரி ஒரு குரல். பாட்டு முடிந்ததும் அந்த வாத்தியக்காரி நேரே போய் சோக்கோரோவின் காலடியில் மண்டியிட்டு அவள் கையை முத்தமிட்டாள்.

எர்லிண்டாவின் வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

"பாருங்க அத்தை, சித்தி அழுறாங்க" என்றாள் நெல்டா.

"நடிப்புடி. அவ சின்ன வயசிலேருந்தே அப்படித்தான்."

நிகழ்ச்சியை நடத்தும் வெள்ளைத் தொப்பிக்காரர் மைக்கோடு சோக்கோரோவிடம் வந்தார். "அம்மா, இன்னிக்காவது சொல்லிடுங்க. அந்தக் கோடையில மட்டும் ஏன் கூடுதலா சுத்துனீங்க?"

"அது பொம்பளைங்க ரகசியம்" என்று சோக்கோரோ வழக்கம்போலக் குழைந்தாள். கூட்டம் சிரித்தது.

"விட மாட்டேன்! இவங்க பக்கத்துலயே உக்காந்து வேலை பார்த்தவங்க ஒருத்தங்க வந்திருக்காங்க." தொப்பிக்காரர் படியிறங்கி மூன்றாம் வரிசைக்கே வந்துவிட்டார். மைக் எர்லிண்டாவின் மூக்கை இடித்தது. "நீங்க கண்ணால பார்த்திருப்பீங்களே அம்மா. அந்தக் கூடுதல் சுத்தை இவங்க எப்படிச் சுத்துனாங்க?"

பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்தாள் எர்லிண்டா. கிழட்டு ஆமை மாதிரி இருந்தது. பக்கத்தில் நெல்டா ஆசையோடு போனைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். மேடையில் சோக்கோரோவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நாற்காலிக் கையைப் பிடித்தபடி, லேசாக, ரொம்ப லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"இவ எங்க சுத்துனா?" என்றாள் எர்லிண்டா. "நான்தான் சுத்துனேன்."

தொப்பிக்காரர் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினார்.

"அந்தக் கோடையில இவ கம்பியையே தொடலை. பொட்டு வச்சதும் நான்தான். எண்ணுறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது, கண்ணுக்கு நெறைஞ்சாத்தான் நிறுத்துவேன். அதுக்காக மேஸ்திரிகிட்ட வாங்காத ஏச்சில்ல."

"அப்போ இவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" தொப்பிக்காரரின் குரல் எப்படியோ ஆகிவிட்டது.

நெல்டாவின் போன் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. எர்லிண்டா வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. எண்பத்திரண்டு வருஷத்தில் அவள் எதையும் அங்கே நிறுத்தி வைத்ததில்லை.

"மெழுகு கொட்டிக் கை வெந்துபோச்சு அவளுக்கு" என்றாள். "சோத்துக் கை. சொன்னா சீட்டைக் கிழிச்சிடுவானுங்க. அதான் சொல்லலை."

உடனே திரையில் சோக்கோரோவின் வலது கை வந்தது. படம்பிடிக்கிறவனுக்குப் பெரிய புத்திசாலி என்று நினைப்பு. வீட்டுச் சுவர் அளவுக்குத் தெரிந்த அந்தக் கையில் சுருக்கம் இருந்தது, மோதிரம் இருந்தது. தழும்பு ஒன்றுகூட இல்லை.

"தழும்பே இல்லையே அம்மா?"

"கத்தாழை போட்டேன்" என்றாள் சோக்கோரோ, கண் இமைக்காமல். "நாலு மாசம் விடாம போட்டேன். எர்லிண்டா சொல்றது நெசம். எல்லாம் அவ சுத்துனது. பேரு வாங்குனது நான்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. எர்லிண்டாவுக்கு வித்தியாசம் தெரியும்.

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், அப்புறம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொப்பிக்காரர் எர்லிண்டாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போனார். டெக்ஸாஸ்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எர்லிண்டா கையை நீட்டினாள், முத்தத்துக்குத் தோதாக. வந்தவள் அவளைத் தாண்டிப் போய் சோக்கோரோவைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு பெரிய மனசு அம்மா உங்களுக்கு! இத்தனை பேர் முன்னால இதைச் சொல்ல யாருக்கு வரும்!"

கூட்டமும் சோக்கோரோ பேரைத்தான் கத்திக்கொண்டிருந்தது. எர்லிண்டா நீட்டிய கையை மடக்கி, மூக்கைச் சொறிந்தாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் டெக்ஸாஸ்காரிக்கு ஞாபகம் வந்து, இவளையும் கட்டிப்பிடித்தாள். அதுவும் ஒரு கையால்தான். இன்னொரு கையில் கிட்டார்.

இரண்டு பேரையும் படம் எடுக்க நிற்கவைத்தபோது சோக்கோரோ பல்லைக் காட்டியபடியே, உதடு அசையாமல் கேட்டாள்.

"நெல்டா மூஞ்சி எப்படியிருக்கு? எனக்குத் தூரத்துல தெரியலடி. என்னையவா பாக்குறா?"

எர்லிண்டா மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். நெல்டா நாற்காலிமேல் ஏறி நின்று, கண்ணீரும் சிரிப்புமாகத் தலைக்குமேல் கைதட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"உன்னையத்தான் பாக்குறா" என்றாள் எர்லிண்டா. "எல்லாரும் உன்னையத்தான் பாக்குறாங்க. என்னைய எந்த நாயி பாக்குது?"