தாழ்மைக்கு மதிப்பெண், ஊழியத்திற்கு முத்திரை

இறைப்பணியாளர்களை உருவாக்கும் கல்லூரியில் எழுத்தராக இருப்பவனின் தொழில், கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கட்டங்களுக்குள் அடைத்துக் காட்டுவதாகும்.

திருச்சியில் பட்டமேற்படிப்பு நடத்தும் ஒரு சிறிய இறையியல் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, எஞ்சியவற்றை நூலகங்களில் நானே பயின்றவன். ஆகையால், முனைவர் பட்டம் பெற்றோர் எழுதும் கடிதங்களும் என் சிவப்பு மையைக் கடந்தே வெளியே செல்லும். சென்ற ஆண்டு அங்கீகாரக் குழுவிடமிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. மாணவர் எவ்வளவு கற்றனர், கற்றபின் எத்தனை பேர் பணியமர்ந்தனர் என்ற இரண்டையும் எண்ணால் நிறுவ வேண்டுமாம். வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இத்தகைய படிவங்களோடு மல்லுக்கட்டும் என் சகதுன்பிகளே, மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை கிடைத்தவரும் கிடைக்காதவரும்

எஸ்தர் எங்கள் முன்னாள் மாணவி. பட்டம் பெற்ற மறுமாதமே பச்சைமலைக்குப் போய், பதினேழு வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரில் தங்கிவிட்டார். ஞாயிறு ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது, பிரசவ வலி கண்டவர்களோடு பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்கு வருவது என எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் பாடத்திட்டம் எதற்காக ஏற்பட்டதோ அதைச் செய்பவர் அவர் ஒருவரே. ஆனால் படிவத்தின் விதி வேறு. தலைப்பு அச்சிட்ட தாளில், முத்திரையிட்ட நியமன ஆணை இருந்தால்தான் அது வேலை. எஸ்தரிடம் அது இல்லை. எனவே அவர் வேலையற்றவர்.

அவரை மலையிலிருந்து இறக்கி, தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வரவேற்பாளராகச் சேர்த்து, ஆணை வாங்கிவிடலாம் என்று முதல்வர் முடிவு செய்தார். கற்றல் மதிப்பெண்கள் உயர்ந்திருந்தால் பணியமர்வில் ஒரு குறையைக் குழு பொறுத்துக்கொள்ளும். அப்படியானால் எஸ்தரை மலையிலேயே விட்டுவிடலாம் என்றும் எனக்கு ஒரு சலுகை காட்டினார். எஸ்தரோடு படித்த தானியேலுக்கோ இத்தகைய இடையூறு எதுவுமில்லை. தாய்மாமனின் செல்போன் கடையில் அமர்ந்திருக்கிறார். 'வாடிக்கையாளர் ஆற்றுப்படுத்துநர்' என்று மாமன் முத்திரையோடு ஆணை கொடுத்திருந்தார். பணியின் தன்மை யாதெனத் தொலைபேசியில் வினவினேன். தானியேல் தயங்கவே இல்லை.

"போன் தண்ணில விழுந்துடுச்சுன்னு அழுதுகிட்டு வர்றாங்க சார். ஆறுதல் சொல்லி அனுப்புறேன். அதுவும் ஊழியந்தானே?"

தாழ்மையின் சராசரி

எஸ்தரைக் காக்க வேண்டி, கற்றல் அளவீட்டில் முனைந்து இறங்கினேன். அன்பு, பொறுமை, தாழ்மை ஆகிய மூன்றிலும் மாணவர் தமக்குத் தாமே ஐந்துக்கு மதிப்பெண் இட வேண்டும். இறுதியாண்டு மாணவர் பன்னிருவரும் தாழ்மைக்கு நேரே ஒன்று என எழுதித் தந்தனர். கூடுதலாக இட்டால் அது பெருமையாகிவிடும் அல்லவா? இதன் விளைவாக, திருச்சி மாவட்டத்திலேயே செருக்கு மிகுந்த நிறுவனம் எங்களுடையது என்று வரைபடம் பறைசாற்றியது.

முதல்வர் மாணவர்களை அழைத்து, அறிக்கையின் நன்மை கருதித் தாழ்மையை உயர்த்துமாறு பணித்தார். மறுநாள் பன்னிருவரும் ஐந்து என்று திருத்தித் தந்தனர். கடைசியாகத் தாளை நீட்டிய மாணவர் மட்டும் போகாமல் நின்றார்.

"பிரின்சிபால் சொன்னாருன்னு கீழ்ப்படிஞ்சு அஞ்சு போட்டிருக்கேன் சார். கீழ்ப்படிதலுக்குத் தனியா மார்க் உண்டுங்களா?"

அரியமங்கலத்துத் தீர்ப்பு

அடுத்தது பிரசங்கம். அரியமங்கலத்தில் பட்டறைத் தொழிலாளர் கூடும் ஒரு சபைக்கு, வாரம் ஒரு மாணவரை அனுப்பி, கேட்டவர்களிடம் மதிப்பீட்டுத் தாள் பெற்றோம். ரோஸ்மேரி அக்கா என்று எல்லாரும் அழைக்கும் ஒரு வெல்டரின் மனைவி, பன்னிருவருக்கும் முழு மதிப்பெண் வழங்கியிருந்தார். அவர்களுள் ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விவிலியத்தின் லேவியராகமச் சட்டங்களை விளக்கியவர். அந்த ஒரு மணி நேரமும் அக்கா சுவரில் சாய்ந்து உறங்கியதை நான் கண்ணாரக் கண்டேன். சபையின் மற்றத் தாள்களும் அவ்வண்ணமே இருந்தன. எல்லாரும் முதல்தரம் என்னும் அறிக்கை நம்பத்தக்கதன்று எனக் குழு அதைத் திருப்பியனுப்பியது. எஸ்தரை அழைத்து வரச் சொல்லி முதல்வர் நாள் குறித்துவிட்டார். ரோஸ்மேரி அக்காவிடம் என் ஆற்றாமையைச் சொன்னேன்.

"எவ பெத்த புள்ளையோ, நின்னுகிட்டுப் பேசுது. ஒக்காந்து தூங்குன நான் அதுக்கு மார்க் கொறைக்கிறதா?"

ஸ்ரீரங்கத்து யோசனை

என் வீடு ஸ்ரீரங்கத்தில். எதிர்வீட்டில் இருப்பவர் கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மாலையில் அவரிடம் புலம்புவது என் வழக்கம். பக்தியை அளக்கும் முறை அவர்கள் மரபில் ஏதேனும் உண்டா என்று, நம்பிக்கையிழந்தவனாய்க் கேட்டேன். அவர் படிவத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, எல்லாப் பக்கங்களையும் படித்து முடித்தார்.

"எங்க கோயில்ல அளக்கறதெல்லாம் மடப்பள்ளி அரிசியைத்தான், ஸ்வாமி. இதுல உம்மகிட்டே கேட்டிருக்கறது பக்தியே இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்ளோதான்."

பச்சைமலையில் கையொப்பம்

மறுநாள் காலை 'பச்சைமலை ஊர்ச்சபை' என்று தலைப்பு அச்சிட்ட தாள்களும் ஒரு முத்திரையும் செய்வித்தேன். நியமன ஆணையை நானே யாத்தேன். 'மேற்படியார்' என்னும் சொல் அதில் ஐந்து இடங்களில் கம்பீரமாக நின்றது. அரிதாக ஓடும் பஸ்ஸைப் பிடித்து மலையேறினேன். எஸ்தர் ஒரு நோயாளியோடு பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். ஊர்ப் பெரியவரான வெள்ளையன் மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்தார். இதில் கையெழுத்திடாவிட்டால் எஸ்தரைக் கீழே அழைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவர் முகம் கறுத்தது. பதினேழு வீட்டாரையும் கூட்டினார். அவர்கள் முன்னிலையில் ஆணையை எழுத்துக்கூட்டிப் படித்தார், பாதியில் நிறுத்தினார். பொய்யில் கையெழுத்திட மாட்டாரோ என்று நான் நடுங்கினேன்.

"நாங்க அவங்கள வேலைக்கு வச்சிருக்கோம்னு எழுதியிருக்கீங்க. விடிகாலைல எங்கள எழுப்பி வேல வாங்குறது அவங்கதாங்க. இருந்தாலும் பரவால்ல, அவங்க இங்க இருக்கணும். எங்க போடணும், காட்டுங்க."

குழுவின் பாராட்டு

குழு வந்தது. தாழ்மையின் சராசரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரியமங்கலத்துத் தாள்களின் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. குழுத் தலைவர் நியமன ஆணைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தானியேலின் ஆணையில் முத்திரை மங்கலாக இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். பச்சைமலைத் தாளுக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுதான் சார் ஆர்டர். மத்த பசங்களையும் இந்த மாதிரி பெரிய ஸ்தாபனமாப் பார்த்துச் சேர்த்து விடுங்க."

பதினேழு வீடுகளாலான அந்தப் பெரிய ஸ்தாபனத்தில் எஸ்தர் இன்று முறைப்படி பணியமர்ந்திருக்கிறார். அங்கே தானியேலுக்கும் ஓர் இடம் உண்டா என்று கேட்டு, அவருடைய மாமன் மட்டும் எனக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார்.