கருப்பையா எழுதிய ‘வைலம்’

கருப்பையா இறந்துபோனதை எனக்குச் சொன்னவர் ஆலங்குடி பஸ் கண்டக்டர். “ஒங்க ஆபீஸ்ல தபால் பாத்தாரே வைலம் சாரு, அவரு தவறிட்டாருங்க. நேத்துத்தான் எடுத்தாங்க” என்றார். கருப்பையா என்ற பெயரே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களும் அன்று சிரித்தவர்கள்தான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த மறு வருஷம். பி.ஏ. பட்டத்தையும் அதைவிடப் பெரிய தலைக்கனத்தையும் சுமந்துகொண்டு நான் திருச்சியிலிருந்து வந்திருந்தேன். கருப்பையா சமஸ்தானக் காலத்துக் குமாஸ்தா. மேலிடத்துக்குப் போகும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவர் கைவண்ணம். ஒரு கடிதத்தில் பழைய சமஸ்தானத்தை ‘வைலம் (whilom) ஸ்டேட்’ என்று குறித்திருந்தார். இது என்ன சொல் என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

“இங்கிலீஷில் இப்படி ஒரு சொல்லே கிடையாது சார். வீட்டில் செய்து எடுத்து வந்திருப்பார்” என்றேன். ஆபீசே சிரித்தது.

“இருக்குதுங்க சார். முன்னாடி இருந்ததுன்னு அர்த்தம், பழைய சொல்லுங்க” என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமையே புதுக்கோட்டை நூலகத்துக்குப் போய், நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பெரிய அகராதியை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. ஆதியில் ‘அவ்வப்போது’ என்று பொருள், பிறகு ‘முன்னொரு காலத்தில்’, அதன்பின் ‘முன்னாள்’. வழக்கொழிந்த சொல் என்று ஒரு குறிப்பு. மனுஷன் சரியாகத்தான் எழுதியிருந்தார். திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் அவரைத் தபால் மேஜைக்கு மாற்றினார்கள். கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

பதினைந்து வருஷம் உறை ஒட்டினார். “தபாலுக்கும் ஆளு வேணும்ல சார்” என்பார். அவர் ஓய்வுபெற்ற அன்று நான்தான் பாராட்டிப் பேசினேன். அப்போதும் ‘வைலம்’ சொல்லிச் சிரிக்க வைத்தேன். எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“அந்த டிக்சனரிய நானும் போயிப் பாத்தேங்க சார். நோட்டுல ஒங்க கையெழுத்துக்குக் கீழ இருக்கது என்னுதுதான்.”

கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தபால் மேஜைமேல் வைத்தார்.

“இன்னைக்காவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பரவால்லங்க, வாரேன்.”

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவர் வீடு. நான் போகவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன்; கோழைத்தனம் என்பதே சரி.

நண்பர்களே, கருப்பையா எழுதியது சரி. எனக்கு அது அப்போதே தெரியும். அவர் காதில் விழ வேண்டிய வாக்கியத்தை இப்போது உங்களிடம் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் ‘பரவால்லங்க’ ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.