இருபத்துநாலு பாட்டில்

மருந்துக்கடையில் நிற்கிறவன் ஒரு நாளைக்கு அதிகமாகச் சொல்லுகிற வார்த்தை எது என்று கேட்டால், 'இல்லை' என்பதுதான். ஸ்டாக் இல்லை, இன்னும் வரலை, நாளைக்கு வந்து பாருங்க. சிவகாசியில் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து பதினோரு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொண்டு நின்றேன். டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு என்னைப் போன்ற ஆட்கள் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், நியாயம்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாக்குச் செத்துப்போனவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அது எழுதாத பெட்டி

எங்கள் ஊரில் எதைப் போட்டு வைப்பதென்றாலும் பட்டாசுப் பெட்டிதான். நல்ல மரப்பலகை, மூலைக்கு மூலை தகரப் பட்டை, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'வெடிபொருள், அபாயம்' என்று ஒரு லேபிள். காலிப் பெட்டியில் கம்பு கொட்டி வைப்பார்கள், கோழி அடைப்பார்கள், துணி மடித்து வைப்பார்கள். எங்கள் கடையில் டானிக் பாட்டில் முழுக்க அதில்தான் இருக்கும். அந்த லேபிளை ஊரில் ஒருத்தரும் வாசிப்பது கிடையாது. சொந்த வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல் மாதிரி, அது பாட்டுக்கு அங்கே கிடக்கும்.

ஒரு தடவை மெட்ராஸிலிருந்து மருந்துக் கம்பெனி ரெப் ஒருத்தர் வந்தார். உட்கார ஸ்டூல் இல்லை என்று ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன். உட்காரக் குனிந்தவர் லேபிளைப் பார்த்ததும் ஒரே எட்டில் வாசலுக்குப் போய்விட்டார். "வெறும் இருமல் டானிக் சார்" என்று திறந்தே காட்டினேன். ம்ஹும், கடைசி வரைக்கும் நின்றுகொண்டுதான் பேசினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் முதலாளி அவரிடம் சொன்னது: "எங்க ஊர்ல அது எழுதாத பெட்டிக்கு நான் எங்க சார் போவேன்?"

கடலைக்காட்டு விரியன்

அழகம்மாள் விஸ்வநத்தத்துக்காரி. பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. புருஷன் வேலுச்சாமிக்கும் அங்கேயேதான் வேலை, வெடிக்குத் திரி சொருகுவான். முப்பது வயசு இருக்காது. வெம்பக்கோட்டைப் பக்கம் அக்காள் வீட்டுக்குப் போனவனைக் கடலைக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஒரு சொட்டு சிறுநீர் இறங்கவில்லை. முகமெல்லாம் வீங்கிப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்த ஊர்ப் பேரை நான் சொல்லப் போவதில்லை. தப்பு அவர்களுடையது இல்லை.

அழகம்மாள் நீட்டிய சீட்டில் 'டயாலிசிஸ்' என்று இருந்தது. அந்த வார்த்தையை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, குழாய் வழியாக ஒரு திரவத்தைப் பாட்டில் பாட்டிலாக உள்ளே விட்டு வெளியே எடுப்பார்களாம். ரத்தத்தில் தேங்கின கழிவு அதோடு வந்துவிடுமாம். அவன் சிறுநீரகம் செத்துப்போகவில்லை, மயங்கித்தான் கிடக்கிறது, கொஞ்ச நாள் இப்படிக் கழுவித் தள்ளினால் தானாக முழித்துக்கொள்ளும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு தடவைக்குத்தான் காணும், அதுவும் முடிந்துவிட்டது. அடுத்த தடவைக்கு இருபத்துநாலு பாட்டில் வேண்டும், அதுவும் நாலைந்து நாளைக்குள். அந்த ஊர்க் கடைகளில் எல்லாம் 'இல்லை' கேட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்திருந்தாள். என்னிடமும் இல்லை.

"உட்காரும்மா, மெட்ராஸ்ல கேட்டுப் பார்ப்போம்" என்றேன். அவள் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவுக வேலைக்குப் போகையில எல்லாம் வெடிக்குத்தேன் பயந்துக்கிட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி. விரியனுக்குப் பயப்படணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

ட்ரங்க் கால்

அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டவர்களுக்குத் தெரியும், தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வேர் விட வேண்டியதுதான். காலையில் பதிந்தது மத்தியானம் கிடைத்தது. மொத்த வியாபாரி, சரக்கு இருக்கிறது, ஆனால் கண்ணாடிப் பாட்டில், கட்டி அனுப்ப ஆள் இல்லை, யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இங்கிருந்து ஆள் போய்த் திரும்புவதற்குள் நாள் ஓடிவிடும். அழகம்மாளின் கம்பெனி மேனேஜர் நல்ல மனுஷன். மெட்ராஸில் அவர்கள் கம்பெனிக்கு ஒரு குடோன் இருந்தது, நம்ம பக்கத்து ஆள் தங்கராசு அதைப் பார்த்துக்கொள்கிறான், அவனைப் பிடியுங்கள் என்றார்.

தங்கராசு கிடைத்தான். லைனில் ஒரே இரைச்சல். தபாலாபீஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். உடனே போய் வாங்கு, இன்றைக்கே ரயில் பார்சலில் ஆஸ்பத்திரி ஊருக்குப் போடு, அட்டைப்பெட்டியில் மட்டும் கட்டாதே, உடைந்தால் ஒரு உயிர் போய்விடும் என்றேன். அப்புறம் நானாக, யாரும் கேட்காமல், 'நம்ம மரப்பெட்டியிலயே வைக்கோல் திணிச்சுக் கட்டுடா' என்றேன். என் வாயால்தான் சொன்னேன். தங்கராசு அந்தப் பக்கம் உற்சாகமாகக் கத்தினான்: "நம்ம பெட்டின்னா மச்சில இருந்து தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, நீங்க நிம்மதியா இருங்க!"

விக்கல்

'இரண்டு பெட்டி அனுப்பியாகிவிட்டது' என்று மறுநாள் தந்தி வந்தது. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு அழகம்மாளோடு பஸ் ஏறினேன். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா வயசானவர், தங்கமான மனுஷன். "ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியது சார், டயாலிசிஸ் பாட்டில், ரெண்டு பெட்டி" என்றேன். நோட்டில் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். வரவில்லை. அவராகவே எழுந்து போய் அடுக்கடுக்காகத் தேடினார். கிடைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போனேன். வரவில்லை. மறுநாள் மூன்று தடவை போனேன். என்னைக் கண்டாலே அவர் தூரத்திலிருந்து கையை விரிக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷம் நான் மற்றவர்களுக்குச் செய்ததை எனக்கு ஒருத்தர் செய்தார். அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவே கால் கூசும். வேலுச்சாமி கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தான். தண்ணீர் கொடுத்தால் வாந்தி. ஓயாத விக்கல். உடம்பில் விஷம் ஏறுகிறது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கட்டில் பக்கம் போய் நின்றால், இழுத்து இழுத்து அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்: "விக்கல் நிக்கவே மாட்டேங்குது அண்ணாச்சி. அந்தப் பெட்டிதேன் வார வழியில என்னைய நெனைச்சுக்கிட்டே வருது போல."

தகரக் கொட்டகை

அடுத்த நாள் காலையில் பார்சல் ஆபீஸ் கதவு திறக்கும்போதே நின்றேன். வரவில்லை. வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு வியாபாரி வந்து, கோயில் கொடைக்கு வாணம் வர வேண்டும், வந்துவிட்டதா என்று கேட்டார். குமாஸ்தா மேஜைக்கு அடியிலிருந்து வேறு ஒரு நோட்டை எடுத்தார். வெடிச் சரக்குக்குத் தனி நோட்டாம். பெட்டியில் சிவப்பு லேபிள் இருந்தாலே போர்ட்டர்கள் இந்தப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற தகரக் கொட்டகையில் இறக்கிவிடுவார்கள், அங்கே போங்கள் என்று அவரை அனுப்பினார்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் தண்டவாளம் தாண்டி ஓடினேன். கொட்டகையில் முதல் வரிசையிலேயே இரண்டு பெட்டி. மூடியில் தங்கராசு பென்சிலால் சின்னதாக 'டயாலிசிஸ் பாட்டில்' என்று எழுதியிருந்தான். பக்கத்தில் பெரிசாக, சிவப்பாக, எங்கள் ஊரே வாசிக்காத அந்த லேபிள். வந்து இறங்கிய தேதியைப் பார்த்தால், நான் முதல் தடவை வந்து கேட்டபோதே அது அங்கேதான் இருந்திருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அடப் பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த குமாஸ்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, பட்டாசுப் பெட்டியில வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

நாலு ஓரமும் பசை

ஜட்கா வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன். வண்டிக்காரரைப் போகிற வழியெல்லாம் விரட்டினேன். வார்டு வராந்தாவில் அழகம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் பார்சல் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வேலுச்சாமி போய்விட்டான்.

பெட்டியைத் திறந்தார்கள். இருபத்துநாலு பாட்டிலில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அடுத்து வருகிற நோயாளிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எங்கே இருந்தது, ஏன் இத்தனை நாள் என்று என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் எழுந்து வந்து பெட்டியின் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "மத்தவுக நடுவுல மட்டுந்தேன் பசை தடவுவாக, நான் நாலு ஓரமும் தடவுவேன். இது நான் ஒட்டுன லேபிள்தேன் அண்ணாச்சி, ஒரு ஓரங்கூடப் பிரியலை பாருங்க" என்றாள்.

அதற்கப்புறம் கடைக்கு வெறும் பஞ்சு வந்தாலும் பெட்டியைச் சுற்றி வந்து நாலு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தேன், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதலாளி என்னைக் காட்டி 'கவனம்னா இந்த ஆளுகிட்டக் கத்துக்கணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.