பாய்லர் பைப் எத்திராஜ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் கிருஷ்ணப்பிரியாவின் கைப்பேசி அடித்தது. திரையில் எத்திராஜின் பெயர். காரைப் பற்றி ஏதாவது தோன்றியிருக்கும், மனிதர் விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள். பேசியது அவர் மனைவி சரசா. தூக்கத்திலேயே போய்விட்டாராம். நாற்பத்தாறு வயது.

கணவன் பிரசன்னா அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு நூம்பலிலிருந்து கள்ளிக்குப்பத்தில் எத்திராஜின் வீட்டுக்கு வந்தான். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகை முனைக்கடை வரை வந்தது. பட்டறைக் கூட்டாளி அருள் அந்தப் புகையையே பார்த்தபடி நின்றவர், கரகரத்த குரலில் சொன்னார்:

"இன்னாங்கடா, அண்ணாத்தைக்கு எங்க லீக்குன்னு தேடிகினு கீறீங்களா?"

அழுதுகொண்டிருந்த சரசாவே சிரித்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு அது புரியவில்லை. கிருஷ்ணப்பிரியாவுக்குப் புரிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் எத்திராஜ் விரிசல் கண்டுபிடித்த முறை அது. பழைய வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கமாகத் திருப்பி, தணலில் சாம்பிராணி போட்டு, புகையைச் சைலன்சர் வழியாக வண்டிக்குள் அனுப்புவார். எங்கே விரிசலோ அங்கே புகை எட்டிப் பார்க்கும். இதற்கென்றே இயந்திரம் விற்கிறார்களே என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "அதுல வாசன வருமா மா?" என்றார்.

பதினேழு வயதில் எஸ்டேட்டுக்கு வந்தவர். அப்பாவும் அம்மாவும் திருவேற்காட்டுப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பாய்லர் கம்பெனி ஒன்றில் நீராவிக் குழாய் வெல்டிங் பழகினார். கம்பெனி மூடியதும் லாரி சைலன்சர் பட்டறை போட்டார். பாய்லர் பைப் என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவள் அவரிடம் முதலில் போனது சென்ற ஆடியில். தூத்துக்குடிக்காரி, மென்பொருள் வேலை, பழைய டர்போ கார் ஒன்று. மாதம் ஒருநாள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவாள். அதற்கு நான்கு மாதம் முன்பு இணையத்தில் ஒரு மேனிஃபோல்டு வாங்கிப் போட்டிருந்தாள். எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்குள் தள்ளும் குழாய்க் கூட்டு அது. பளபளவென்று, நான்கு பாம்புகள் பின்னியது போல இருக்கும். இப்போது முடுக்கினால் உஸ்ஸென்று சீறியது.

எத்திராஜ் சாம்பிராணி போட்டார். பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் பூஜை என்று நினைத்துத் தேங்காயோடு வந்து நின்றார். மூன்றாவது குழாயின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழைப் புகை எழுந்தது.

"இது ரேஸ் பீஸுண்ணே," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "நாலு குழாயும் ஒரே நீளம்."

"சோக்கா கீது. ஷோகேஸ்ல வெக்கலாம்."

"கிண்டல் பண்ணாதிய."

"டர்போ எத்தினி கிலோ?"

"ஏழு இருக்கும்."

"அத்த எது தாங்கிகினு கீது?"

அவள் யோசித்ததே இல்லை. அந்த ஏழு கிலோவும் மேனிஃபோல்டில்தான் தொங்கியது. மெல்லிய குழாய்கள் பழுக்கச் சூடாவதும் ஆறுவதுமாக அதைச் சுமந்து களைத்துவிட்டன. உடைந்த துணுக்கு ஒன்று டர்போவுக்குள் போயிருந்தால் அதோடு கதை முடிந்தது. இன்னொரு முறை இந்த எஞ்சினில் கைவைக்க நேர்ந்தால் காரை விற்றுவிடுவது என்று பிரசன்னா ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள். இந்த ஒருமுறை மட்டும் என்று அவனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அதனால் இம்முறை ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க நினைத்து, பதினொரு மேனிஃபோல்டுகளை அட்டவணை போட்டு மடிக்கணினியில் கொண்டுவந்தாள். குதிரைத்திறன், எடை, உலோகம் எல்லாம் இருந்தன. எத்திராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஓட்டுறன்னு எதுல எழுதிக்கீது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு அம்பத்தூரில் கிளம்பினார்கள். பூந்தமல்லி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். மூன்றாவது கியருக்கு வேலையே வரவில்லை.

"ரேஸு மாசத்துல ஒரு நாளு," என்றார். "மிச்ச நாளெல்லாம் நீ வேலப்பன்சாவடி டிராபிக்ல நிக்கிற. நிக்கிறதுக்குத் தோதா ஒண்ணு பண்ணிக்கலாம் மா."

அவர் சொன்னது கனத்த நீராவிக் குழாயின் வளைவுகளை வெட்டி ஒட்டிய குட்டை மேனிஃபோல்டு.

"அசிங்கமா இருக்குமேண்ணே?"

"நானு மட்டும் இன்னா அழகா கீறேன்? இருவது வருசமா சரசா வெச்சிகினு கீறா இல்ல?"

மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். இரண்டு துண்டு சேரும் இடத்தில் காகிதம் நுழையாதவரை அரம் போட்டார். உட்புறம் வெல்டிங் புடைத்திருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதிலும் திருப்தி இல்லாமல் ஒன்றை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி செய்தார். வந்து சேர்ந்தது அம்மிக்குழவி மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தமும் கொஞ்சம் மழுங்கியது. ஆனால் காலை வைத்ததும் டர்போ விழித்துக்கொண்டது; பழையதில் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்ற சனிக்கிழமைதான் அதோடு முதல் பந்தயம். ஒன்பது பேரில் ஆறாவதாக வந்தாள். முதலில் வந்தவரின் பளபளப்பான மேனிஃபோல்டு பிளந்து, மாலையில் அவர் காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அவள் ஏசி போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி வீடு வந்தாள். பிரசன்னா காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். எதற்கும் இருக்கட்டுமென்று எழுதி வைத்திருந்த விற்பனை விளம்பரத்தை அவள் முன்னாலேயே அழித்தான்.

எத்திராஜுக்குப் போன் செய்தாள்.

"ஆறாவதுண்ணே."

"ஊடு வந்து சேந்தியா?"

"வந்துட்டேன்."

"வண்டிலயேவா?"

"வண்டியிலதாண்ணே!"

"அப்பால இன்னா?" என்று சிரித்தார். பிறகு வேலைக் குரலுக்கு மாறினார். புது மேனிஃபோல்டு ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறினால் எஞ்சினோடு பிடிக்கும் நட்டுகள் கொஞ்சம் தளருமாம். "நாளிக்கு ஞாயித்துக்கெழம, சரசா கறி எடுத்தாரச் சொல்லிக்கீறா. திங்கக்கெழம காலைல நானே வரேன். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாத. ஆறின எஞ்சின்லதான் முறுக்கணும்."

இன்று வியாழன். கார் நூம்பலில், குடியிருப்பின் கீழே நிற்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கிறது. மேனிஃபோல்டின் எட்டு நட்டும் இன்னும் முறுக்கப்படவில்லை.